மாடித் தொட்டி பேச மறுத்த கதை

ராஜபாளையத்தில் என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாடிப் படிகள் பதினெட்டு. எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னவர் அக்காவின் மாமியார். தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க நாளைக்கு இரண்டு தடவையாவது ஏறி இறங்குகிறவர் எண்ணாமல் இருக்க முடியுமா? ஒரு ஐப்பசி மழையில் ஏழாவது படியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஒன்றரை மாதம் கிடந்தார். கட்டுப் பிரித்த மறுநாளே மறுபடியும் ஏறிவிட்டார். "மோட்டாரை யாரு நிறுத்துவா?" என்பது அவர் கட்சி.

அக்காவின் பெண் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். பாட்டி படி ஏறாமல் இருக்க அவள் ஒரு யுக்தி செய்தாள். தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச். அருகில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கம்பியில்லா ரேடியோ. அடுப்பங்கரையில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. தொட்டி நிரம்பினால் மேலே இருப்பது கீழே இருப்பதற்குச் சொல்லும். கீழே இருப்பது வீடு அதிரக் கத்தும். நார்வே தேசத்து நார்டிக் கம்பெனியின் என்.ஆர்.எஃப். 24 என்ற சில்லை வைத்துச் செய்த பொருள் அது. மொத்தம் எட்டே கால்கள். அர்டுயினோ என்கிற நீலப் பலகையோடு கோத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

முடியவில்லை! மேஜைமேல் இரண்டடி தூரத்தில் வைத்தால் பத்துத் தடவைக்கு ஆறு தடவை பேசும். அடுத்த அறைக்குக் கொண்டுபோனால் மௌன விரதம். அவளும் புரோகிராமைப் பன்னிரண்டு தடவை திருத்தி எழுதிவிட்டாள். போதாதற்கு, முதலில் வாங்கிய ஒன்றுக்கு 5 வோல்ட் கொடுத்து அதன் ஆயுளை முடித்திருந்தாள். "கண்டதையும் வாங்கிப் பணத்தைத் தொலைச்சது போதும், புஸ்தகத்தை எடு" என்று என் அத்தான் சொல்லிவிட்டார். அவளுடைய தம்பி கிரிக்கெட் மட்டை மூன்று உடைத்தபோது இந்த உபதேசம் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நான் கல்லூரியில் படித்தது இலக்கியம். வோல்ட் என்றால் எனக்கு ஷாக் அடிக்கும் என்பதோடு சரி. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். எங்கள் அப்பாவின் வால்வு ரேடியோவுக்கு வைத்தியம் பார்த்தவர். அந்தக் காலத்தில் இலங்கை வானொலி கரகரத்தால் தெருவே அவரிடம்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பெண்ணையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சிறு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரோகிராமைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"பாப்பா, இது என்ன குடிக்கும்?"

"1.9 வோல்ட்டிலிருந்து 3.6 வரைக்கும், தாத்தா. பலகையிலே 3.3-ன்னு ஒரு முனை இருக்கு, அதிலேருந்து கொடுக்கிறேன்."

"அந்த முனை எவ்வளவு கொடுக்கும்?"

"50 மில்லி ஆம்பியர். இதுக்குப் பதினஞ்சுகூட வேண்டாமே!"

"சராசரிக் கணக்கைச் சொல்றே தாயி. வாயைத் திறக்கிற நிமிஷத்துக் கணக்கு வேற."

மேஜை டிராயரிலிருந்து இரண்டு பென்சில் பேட்டரிகளை எடுத்தார். இரண்டும் சேர்ந்து 3 வோல்ட்தான், ரேடியோவுக்கு ஆபத்தில்லை. (மூன்றாவதைச் சேர்த்தால் 4.5 வோல்ட். அதோடு ரேடியோ காலி!) ரேடியோவின் உணவை மட்டும் பேட்டரியிலிருந்து கொடுத்து, பேட்டரியின் மைனஸைப் பலகையின் மைனஸோடு சேர்த்தார். மற்றக் கம்பிகள் இருந்தபடியே இருந்தன. இப்போது ரேடியோ தெருக் கோடி வரை தங்கு தடையின்றிப் பேசியது! அவள் எழுதிய புரோகிராமில் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் சாப்பாட்டில்.

அவர் சொன்ன விளக்கத்தை நம் பாஷையில் சொல்கிறேன். குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. நாள் முழுவதற்கும் அது போதும். ஆனால் குழம்பு அடிப்பிடிக்கிற நேரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் உடனே வேண்டுமென்றால், குழாயடியில் நின்றால் ஆகுமா? அதற்காகத்தானே பக்கத்தில் குடம் வைத்திருக்கிறோம்! இந்த ரேடியோ தூங்கும்போது மின்சாரமே குடிப்பதில்லை என்று சொல்லலாம். பேச ஆரம்பித்த கணத்தில் பல நூறு மடங்கு கேட்கிறது. அப்போது வோல்ட் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் சரிந்தாலும் போதும், சொல்ல வந்ததை மறந்துவிடும். மீட்டரில் வைத்துப் பார்த்தால் 3.3 என்றுதான் காட்டும். அவ்வளவு குறுகிய சரிவு அதன் கண்ணில் படாது.

குடத்துக்கு இங்கே பெயர் கண்டென்சர். 10 மைக்ரோ ஃபாரட் போதும். 100 வரை போடலாம். விலை ஒரு கப் காப்பிக்குக் குறைவு. ஆனால் அதைப் பலகையின் பக்கம் வைத்தால் பிரயோசனமில்லை, ரேடியோவின் இரண்டு கால்களை ஒட்டியே ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். குடத்தைத் தெரு முனையில் வைத்துவிட்டு அடுப்பங்கரையில் தேடுவோமா? கண்டென்சரின் மேலே வெள்ளைக் கோடு இருக்கிற கால் மைனஸ். மாற்றிப் போட்டால் பட்டாசு மாதிரி வெடிக்கும். சொருகு கம்பிகள் ஆடுகின்றனவா என்றும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும். நீண்ட ஆன்டெனா வைத்த பெரிய அண்ணன் ரகம் ஒன்று கடைகளில் விற்கிறார்கள். அது பேசும்போது நூறு மில்லி ஆம்பியருக்கு மேலே கேட்கும்; பலகையின் முனை அதற்குக் காணவே காணாது. 5 வோல்ட்டை வாங்கி 3.3 ஆக்கித் தரும் ரெகுலேட்டர் பலகை அதற்குத் தனியாக வேண்டும்.

பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். "எங்க காலத்திலே ரேடியோ கேட்கிறதுக்கே தபாலாபீசிலே லைசென்ஸ் கட்டணும். இதுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று மட்டும் கேட்டார். கிடையாது. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005-ல் சர்க்கார் லைசென்ஸிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம். இந்தச் சில்லு 2525 வரை தாவக்கூடியது. வைஃபை தொல்லை வேண்டாமென்று 108-ஆம் சானலுக்குப் போகச் சொல்கிறார்கள் சில யோசனைக்காரர்கள். அது 2508 மெகாஹெர்ட்ஸ், அதாவது விலக்குக்கு வெளியே. 83-க்குள் இருப்பதே மரியாதை.

பால்கோவா வாங்கிக்கொண்டு வெற்றி வீரர்களாகத் திரும்பினோம். மாடியில் பொருத்தினோம். மௌனம்!

பெரியவருக்குப் போன் செய்தாள். "மாடிக்குக் கரண்டு எதிலே போகுது?" என்றார். கீழே ஒரு பழைய செல்போன் சார்ஜர். அதிலிருந்து, கார்த்திகைக்குக் கட்டிய சீரியல் செட்டை அறுத்தெடுத்த வயர். தலைமுடி கனம்தான் இருக்கும். "மீட்டரை மேல் முனையிலே வச்சுப் பாரு" என்றார். சார்ஜரின் வாயில் 5 வோல்ட் இருந்தது, மாடிக்குப் போய்ச் சேரும்போது 4-க்கும் கீழே. வழியிலேயே வயர் தின்றுவிட்டது! நல்ல கனமான செம்பு வயர் போட்டதும் 4.8 வந்தது. இந்த 5 வோல்ட்டோடு பிள்ளைகள் விளையாடட்டும். ஆனால் ஈர மாடிக்கு 230 வோல்ட் வயர் இழுக்கிற வேலை எலெக்ட்ரீஷியனுடையது. அதில் சிக்கனம் பார்க்காதீர்கள், சகோதரிகளே.

மிதவையைக் கையால் தூக்கினாள். அடுப்பங்கரை கத்தியது. எல்லோருக்கும் சந்தோஷம். அன்று சாயங்காலம் மோட்டாரைப் போட்டோம். தொட்டி நிரம்பி வழிந்து, மாடியெல்லாம் வெள்ளமாக ஓடிற்று. அடுப்பங்கரையில் ஒரு சப்தமுமில்லை! "நான் சொல்லல?" என்று பாட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பதினெட்டுப் படியும் ஏறினார்.

இந்தத் தடவை அவள் அழவில்லை. இரவு வெகு நேரம் உட்கார்ந்து யோசித்தவள், திடீரென்று சிரித்துவிட்டாள். ரேடியோவை வைத்திருந்தது தொட்டிக்கு அந்தப் பக்கம். அடுப்பங்கரை இருப்பது இந்தப் பக்கம். மைக்ரோவேவ் அடுப்பும் இதே ரக அலையில்தான் வேலை செய்கிறது, தண்ணீர் அதை விழுங்கிக்கொள்கிறது என்பதனால். தொட்டி காலியாக இருந்தால் செய்தி உள்ளே புகுந்து வந்துவிடும். நிரம்பிவிட்டால், அதாவது சொல்லவேண்டிய அந்த ஒரே சமயத்தில், தண்ணீர்ச் சுவர் மறித்துக்கொள்ளும்! காலையில் டப்பாவை இந்தப் பக்கம் மாற்றி வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

பத்து மணிக்குத் தொட்டி நிரம்பியது. அடுப்பங்கரை கத்திய கத்தலில் அத்தான் கையிலிருந்த காப்பி சிந்திற்று. ஒன்றும் பேசாமல் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார். பாட்டி நம்பவில்லை, ஏறிப்போய்த் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் ஏறவில்லை.

நான் பட்டணத்துக்குக் கிளம்புகிற நாள், பேத்தியைக் கூப்பிட்டு, "நிரம்பினதைச் சொல்லுது, சரி. காலியானதைச் சொல்லுமா?" என்று கேட்டார்.

அவள் மறுபடியும் சால்டரிங் அயர்னைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறாள்.