கலாசாலை விளையாட்டும் சர்க்கார் சட்டமும்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் கலாசாலை விளையாட்டுக்களைச் சர்க்கார் கட்டுப்படுத்தலாமா என்ற விவாதம் சட்டசபைகளிலும் நியாயஸ்தலங்களிலும் பலமாக நடைபெற்று வருகிறது. விளையாட்டில் சர்க்காருக்கு என்ன வேலை என்று கேட்போர் ஒருபுறம். சட்டம் செய்யாவிடில் விளையாட்டே அழிந்துவிடும் என்போர் மற்றொருபுறம். வேடிக்கை என்னவெனில், முன்னர் முதற் கட்சியில் நின்ற தேசிய கலாசாலை விளையாட்டுச் சங்கமே இன்று இரண்டாவது கட்சியின் முன்னணியில் நிற்கிறது. இம்மாறுதலின் காரணத்தை ஆராய்ந்தால் விவாதத்தின் உண்மை வெளிப்படும்.

சர்க்கார் தலையீடு இத்துறைக்குப் புதியதன்று. 1905-ம் வருஷத்தில் கால்பந்து மைதானங்களில் இளைஞர் பலர் மாண்டபோது, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கலாசாலைகளின் பிரதிநிதிகளைத் தம் மாளிகைக்கு அழைத்துப் புத்தி புகட்டினார். அடுத்த வருஷமே இச்சங்கம் பிறந்தது. 1910-ல் இன்றைய பெயரைப் பெற்றது. சர்க்காரின் எச்சரிக்கையால் பிறந்த சங்கம் சர்க்காரின் தலையீட்டை வெறுப்பதாகக் கூறியது விந்தையே.

1972-ல், சர்க்கார் பணம் பெறும் கல்வி ஸ்தாபனங்களில் ஆண் பெண் பேதம் கூடாதென்று சட்டம் செய்யப்பட்டது. அதன் பிடியிலிருந்து விளையாட்டை விலக்கிவிடச் சங்கம் வெகுவாக முயன்றது; பலிக்கவில்லை. அன்று சுமார் 30,000 பெண்களே கலாசாலைப் போட்டிகளில் கலந்துகொண்டனர். இன்று அத்தொகை 2,00,000-க்கு மேற்பட்டுவிட்டது. சர்க்கார் கைவைத்தால் விளையாட்டு நாசமாகும் என்பார்க்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டுமோ?

பிறகு பணம் பெருகிற்று. போட்டிகளின் டெலிவிஷன் உரிமையைச் சங்கம் தன் கையிலேயே வைத்துக்கொள்வது செல்லாதென்று 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதுமுதல் பெரிய கலாசாலைகள் தாமே பேரம் பேசிக் கோடிக்கணக்கில் ஈட்டலாயின. பயிற்சியாளர் சிலர் வருஷத்திற்கு 1 கோடி டாலருக்கு மேல் சம்பளம் பெறுகின்றனர். ஆனால் களத்தில் எலும்பு முறிய ஆடும் இளைஞனுக்கோ, படிப்புச் செலவுக்கு மேல் ஒன்றும் தரலாகாதென்ற விதி நெடுங்காலம் நீடித்தது. அவனுக்கு 'மாணவ விளையாட்டாளன்' என்று ஒரு பட்டமும் சூட்டினர். காயமுற்றவன் தொழிலாளிக்குரிய நஷ்டஈடு கேட்டுவிடுவானோ என்ற அச்சத்திலேயே அப்பெயர் பரப்பப்பட்டதென்பதைச் சங்கத்தின் தலைமை அதிகாரியாயிருந்த வால்டர் பையர்ஸ் 1995-ல் வெளியிட்ட தம் நூலில் தெரிவித்தார்.

இவ்விதியைத் தகர்த்தது சங்கத்தின் தரும சிந்தையன்று. தன் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளையாட்டாளன் பொருளீட்டுவதைக் கலாசாலைகள் தடுக்கலாகாதென்று 2019-ல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. மற்ற மாகாணங்களும் பின்பற்றின. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் இச்சங்கத்தையும் கட்டுப்படுத்தும் என்றனர். 2025 ஜூன் 6-ல் ஒரு பெரும் வழக்கில் சமரசம் அங்கீகரிக்கப்பட்டது. பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் தரவேண்டும். முதல் வருஷத்தில் ஒவ்வொரு கலாசாலையும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை விளையாட்டாளருக்குப் பங்கிடலாம் என்று ஏற்பட்டது.

வழக்குகளில் தோற்ற சங்கம் சட்டசபையின் வாயிலில் நின்றது. 2025 ஜூலையில் பிரதிநிதி சபையில் வந்த மசோதா, சங்கத்திற்கு ஏகபோகச் சட்டத்திலிருந்து பாதுகாப்பளிக்கிறது. மாகாணச் சட்டங்களை மீறி நிற்கிறது. விளையாட்டாளர் தொழிலாளர் ஆகார் என்றும் விதிக்கிறது. அவ்வருஷம் டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வரவிருந்து, போதிய ஆதரவின்றி நிறுத்தப்பட்டது. இதைக் கட்டுப்பாடு என்பது சொல்லின் பொருளையே புரட்டுவதாகும். வலியவனைச் சட்டத்தினின்று விடுவித்து எளியவனைச் சட்டத்தால் கட்டுவது கட்டுப்பாடன்று, சலுகை.

எதிர்க்கட்சியாரின் வாதத்தில் நியாயமே இல்லையென்று நாம் கூறவில்லை. மாகாணத்திற்கொரு சட்டமிருந்தால் போட்டி ஒழுங்காக நடவாது. வரும்படி முழுவதும் கால்பந்தாட்டக்காரருக்கும் கூடைப்பந்தாட்டக்காரருக்கும் போய்விட்டால், நீச்சலும் மல்யுத்தமும் கைவிடப்படலாம். பெண்களின் பங்கு குறையலாம். மேற்கண்ட சமரசத்தை எதிர்த்துப் பெண் விளையாட்டாளர் சிலர் அப்பீல் செய்ததும் இக்காரணம் பற்றியே. ஆகவே தேசம் முழுமைக்கும் ஒரே சட்டம் தேவையென்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அதை யாரைக் கேட்டுச் செய்வது?

2024 மார்ச்சில் டார்ட்மத் கலாசாலைக் கூடைப்பந்தாட்டக்காரர் 13-க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைக்கத் தீர்மானித்தனர். கலாசாலை நிர்வாகம் அவர்களுடன் பேச மறுத்தது. அவ்வருஷ முடிவில் அவர்கள் தம் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். கேட்ட வாய் அடைபட்டது, கேள்வி அடைபடவில்லை.

பிரதிநிதித்துவமின்றி வரியில்லை என்று முழங்கி ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்த தேசம் அமெரிக்கா. அந்நாட்டுக் குடிகளுக்கு நாம் நினைவூட்ட வேண்டுவது அவர்களது சொந்தப் பாடத்தையே. விளையாட்டாளரின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி உடன்படிக்கை செய்க. காயமுற்றோரின் வைத்தியத்திற்கும் பெண்களின் பங்கிற்கும் அதில் உறுதி தருக. அதற்குப் பிறகே தேசியச் சட்டம் வருக. ஆடுவோருக்கு வாயில்லாத சபையில் ஆட்டத்தின் விதி வகுக்கப்படுமாயின், அச்சட்டம் எத்துணை அழகிய பெயர் தாங்கினும் நியாயத்தின் ஆதரவைப் பெறாது.