கன்றின் குடலும் மாகாணத்தின் அதிகாரமும்

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மண்ணிலே, 2009 மே மாதத்தில், மனிதரோடு மாடுகளும் மடிந்தன. பட்டி பட்டியாகக் கால்நடை வளர்த்த வன்னி மக்கள், தாம் அவிழ்த்துவிட்டு வந்த பசுக்களை மீண்டும் கண்டாரல்லர். மீளக் குடியேறியோர் ஒன்றிரண்டு கறவைகளோடு வாழ்வைப் புதிதாகத் தொடங்கினர். அத்தகைய வீட்டிலே மாரி காலத்துச் சேற்றுப் பட்டியில் பிறந்த நாகு கன்றொன்று கழிச்சல் கண்டு மாளுமானால், மாண்டது கன்று மட்டுமன்று. சில ஆண்டுகளின் பின் அவ்வீட்டுக்குப் பால் தரவேண்டிய பசுவும் மாண்டது. கன்றின் குடலைப் பற்றி எழுதுவது அரசியல் ஏட்டுக்கு ஆகுமா என வினவுவோர் சற்றுப் பொறுத்துப் படிப்பாராக.

ஆட்சியாளரின் பால்வளக் கொள்கைதான் என்ன? மாட்டைக் கப்பலில் இறக்குவது! பால்மாவுக்கு ஆண்டுதோறும் பல கோடி டொலரை அள்ளிக் கொடுப்பது! 2017 இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கறவை மாடுகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. அவற்றுட் பல நோயுற்று மடிந்ததையும், வாங்கிய பண்ணையாளர் கடனில் மூழ்கியதையும் நாடறியும். 2021 இல் பால்மாவுக்காகக் கடை கடையாக அலைந்ததையும் நாம் மறக்கவில்லை. அந்நிய மாட்டுக்குக் கோடி கொட்டியவர்கள், சொந்த மண்ணிற் பிறக்கும் கன்று முதல் மாதத்தைத் தாண்ட வழி செய்தார்களா?

இப்பொழுது கடைகளிலே புதியதொரு பண்டம் வந்திருக்கின்றது. புரோபயோட்டிக், பிரிபயோட்டிக் என்பன அதன் பெயர்கள். முன்னையது, குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர். லக்டோபசிலஸ், பசிலஸ், ஈஸ்ட் முதலியன. பின்னையது, அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நாரும் சர்க்கரைத் தொடரும். இனுலின் ஓர் எடுத்துக்காட்டு. நல்ல நுண்ணுயிர் குடற்சுவரில் முன்னரே இடம்பிடித்தால் தீயதற்கு அங்கே இடம் குறையும். இது பொய்யன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை முற்றாகத் தடுத்த பின், இவற்றின்மீது நாட்டம் மேலும் பெருகியது. ஆயினும் ஆராய்ச்சிகளின் பயன் ஒரே தன்மையாக இல்லை. நெரிசலிலும் அழுக்கிலும் நலிந்த கன்றுகளில் பயன் கூடுதலாகவும், நன்கு பேணப்பட்டவற்றில் சொற்பமாகவும் காணப்படுகின்றது. விற்பவர் இதைச் சொல்வாரா?

அவர் சொல்லாத வேறொன்றும் உண்டு. தாயின் வயிற்றிலே கன்றுக்கு நோயெதிர்ப்புப் பொருள் கிடைப்பதில்லை. அது கடும்புப்பாலின் வழியே வருகின்றது. பிறந்த சில மணி நேரத்துள் அது வயிற்றிற் சேரவேண்டும்; ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உறிஞ்சும் வாயிலை அடைத்துக்கொள்ளும். கன்றின் நிறையில் பத்தில் ஒரு பங்களவு கடும்புப்பால் அந்த முதல் நாளில் வேண்டும். நல்ல நுண்ணுயிர்க்கு உணவாகும் சர்க்கரைத் தொடர்களும் அப்பாலிலேயே உண்டு. காசில்லாத பிரிபயோட்டிக்! நாமோ அதைக் காய்ச்சிக் கடும்பாக்கி அயல்வீடுகளுக்குப் பகிர்கின்றோம். உறவுக்கு அது அழகுதான். ஆனால் கன்று குடித்தது போக எஞ்சியதல்லவா பகிரத் தக்கது? பிறர் குற்றம் பேசும் நாம் நம் குற்றத்தை மறைத்தல் நேர்மையன்று.

கழிச்சல் கண்ட கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடல்நீர் வற்றுதலே. உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் காலத்தில் ஊட்டினால் பல பிழைக்கும். பாலையும் அடியோடு நிறுத்தலாகாது. அதை விடுத்து, எக் கழிச்சலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி கேட்பது பேதைமை. ரோட்டா வைரஸ் அவ்வூசிக்கு அஞ்சாது. குடலின் நல்ல நுண்ணுயிரே அழியும். ஒரு கையால் நுண்ணுயிர்க்கொல்லியும் மறுகையால் புரோபயோட்டிக்கும் ஒரே வேளையில் கொடுப்பவர், விதைத்துக்கொண்டே தீ மூட்டுபவராவார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கால்நடைத் தீவனத்தின் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குசெய்ய 1986 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. தமிழும் ஆட்சிமொழி என 1987 இல் 13 ஆம் திருத்தம் எழுதிவைத்தது. ஆனால் நாம் கையிலெடுத்துப் பார்த்த பொதிகள் சிலவற்றில் ஒரு தமிழெழுத்துத்தானும் இல்லை. எந்த நுண்ணுயிர், எத்தனை உயிருடன் உண்டு, எந்த வெப்பத்தில் வைக்கவேண்டும் என்பதை உழவன் எவ்வாறு அறிவான்? வன்னி வெயிலில் தகரக் கூரையின்கீழ் மாதக்கணக்கிற் கிடந்த பொதியில், வெப்பம் தாங்கும் வித்துடைய பசிலஸ் பிழைக்கலாம்; லக்டோபசிலஸ் பிழைப்பது அரிது. செத்த நுண்ணுயிரை உயிருள்ளதென்று விற்பது வாணிபமா, வஞ்சகமா?

அதே 13 ஆம் திருத்தம் கால்நடை வளர்ப்பையும் கால்நடை நோய்த் தடுப்பையும் மாகாண சபையின் அதிகாரப் பட்டியலிலே வைத்தது. ஆகவே முள்ளிவாய்க்காற் கன்றின் கழிச்சல், சட்டப்படி, மாகாணத்தின் கருமம்! அந்த மாகாண சபையோ 2013 இற் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்து, தேர்தல் காணாமல் ஆண்டுகள் பல ஆளுநரின் கையில் விடப்பட்டது. யாரிடம் முறையிடுவது? கொழும்பிடமா?

நாம் கேட்பன வானத்து நிலவல்ல. பொதிகளில் தமிழில் முழு விவரமும், காலாவதித் திகதியும், வெப்ப அளவும் வேண்டும். கிளிநொச்சியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. நம் நாட்டு மாட்டின் கன்றுகளில் இப்பண்டங்களைச் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிட அதற்குப் பணம் ஒதுக்கப்படவேண்டும். ஒவ்வொரு பாற்சேகரிப்பு நிலையத்திலும் கழிச்சலுக்கான உப்புநீர்ப் பொதி கிடைக்கவேண்டும். மாகாண சபைத் தேர்தல் கேட்டு நம்மிடம் வாக்குக்கு வருவோரிடம், தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கலன்று பட்டிக்கே வந்து இவற்றுக்கு விடை சொல்லுமாறு வன்னி உழவர் அழைப்பு விடுக்கட்டும்.