பதிக்கத் தெரிந்தவர் எடுக்கத் தெரிந்தனரா?

நார்பிளாண்ட் கருத்தடைக்கு இந்தோனேசிய மக்கள் இட்ட பெயர் 'சூசுக்'. அழகு வேண்டித் தோலினுள் ஊசி செருகும் மாந்திரிகத்திற்கும் அதுவே பெயர்! தீக்குச்சியளவான ஆறு சிலிக்கோன் குழாய்கள். புயத்துத் தோலடியில் வைத்தால் 5 ஆண்டுகளுக்குக் கருத்தரியாது. வைப்பது சில நிமிட வேலை. எடுப்பதோ? குழாய்களைச் சுற்றி நார்த்திசு இறுகியிருக்கும். ஆழப் புதைந்தவற்றைப் பயிற்சியற்ற கைகள் தேடித்தேடிக் கீறும், குழாய் முறியும், தழும்பே மிஞ்சும்.

வங்காளதேசத்தில் 1980களில் நடந்த சோதனையில், உதிரப்போக்குத் தாளாமல் எடுத்துவிடக் கேட்ட ஏழை மாதர் சிலரைத் திருப்பியனுப்பினர். அம்மாதர் குடும்பக் கட்டுப்பாட்டின் பகைவரா? தம் உடலில் வைத்ததை எடுத்துவிடுமாறுதானே கேட்டனர்! பதித்த கைகளை எண்ணியோர், எடுக்கப் பயின்ற கைகளையும் எண்ணியிருக்க வேண்டாமா? இன்றைய ஒற்றைக் குச்சியும் ஆழப் புதைந்தால் அதே அல்லல்தான். எடுக்கும் பயிற்சி பெறாதவரிடம் பதிக்கும் ஊசியைக் கொடுப்பது எந்த நியாயம்?