11 ரேஸ் ஜெயிச்சும் பட்டம் போச்சு... பன்யாயாவைக் கவிழ்த்த சனிக்கிழமைகள்!

ஒரு சீசனில் மொத்தம் 20 ரேஸ். அதில் 11 ரேஸை ஒருத்தரே ஜெயிக்கிறார். இன்னொருத்தர் ஜெயிச்சது வெறும் 3. சாம்பியன் யாருனு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு முதல் ஆளைத்தானே சொல்வீங்க? 2024 மோட்டோ ஜிபி-யில் நடந்தது அப்படியே உல்டா. 11 வெற்றி பெற்ற பிரான்செஸ்கோ பன்யாயா 498 பாயின்ட்டுடன் இரண்டாவது இடம். 3 வெற்றி பெற்ற ஜார்ஜ் மார்ட்டின் 508 பாயின்ட்டுடன் உலக சாம்பியன்.

'என்னங்க அநியாயம் இது'னு பன்யாயா ரசிகர்கள் கொதிக்கிறார்கள். ஆனால், கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை வேற.

2023-ல் இருந்து மோட்டோ ஜிபி-யில் ஒவ்வொரு வார இறுதியிலும் இரண்டு ரேஸ். ஞாயிறு மெயின் ரேஸில் ஜெயித்தால் 25 பாயின்ட். அதற்கு முந்தின நாள், பாதி தூரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட். அதில் ஜெயித்தால் 12. '11 வெற்றி, 3 வெற்றி' என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு மட்டும்தான்.

ஞாயிறை மட்டும் கூட்டினால் பன்யாயா 370, மார்ட்டின் 337. பழைய விதிமுறையாக இருந்தால் 33 பாயின்ட் வித்தியாசத்தில் பன்யாயாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது பட்டம். சனிக்கிழமையைக் கூட்டினால் மார்ட்டின் 171, பன்யாயா 128. இதில் பெரிய ட்விஸ்ட் என்னன்னா, ஸ்பிரின்ட்டில் இருவருமே தலா 7 வெற்றி! பிறகு எப்படி 43 பாயின்ட் இடைவெளி? ஐந்து ஸ்பிரின்ட்களில் பன்யாயா எடுத்தது பெரிய முட்டை. ஹெரெஸ், லே மான்ஸ், பார்சிலோனா, சில்வர்ஸ்டோன், செபாங். லே மான்ஸில் பைக் சரியில்லாமல் பாதியில் நிறுத்தினார். மற்ற நான்கிலும் கீழே விழுந்தார்.

பார்சிலோனாதான் ரொம்ப வலிக்கும். மே மாதம், ஸ்பிரின்ட்டின் கடைசி லாப். முதலிடத்தில் இருந்தவர் ஐந்தாவது வளைவில் சறுக்கி விழுந்தார். கைக்கு வந்த 12 பாயின்ட் போச்சு. சீசன் முடிவில் பட்டத்தை இழந்தது 10 பாயின்ட்டில்! நவம்பரில் செபாங் ஸ்பிரின்ட்டிலும் மார்ட்டினைத் துரத்தும் அவசரத்தில் மூன்றாவது லாப்பிலேயே விழுந்தார். 17 ஆக இருந்த இடைவெளி 29 ஆனது. மறுநாள் ஜெயித்தும் 24-க்குத்தான் இறக்க முடிந்தது.

மார்ட்டின் மட்டும் விழவே இல்லையா? விழுந்தார். ஜெர்மனியில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தவர், கடைசிக்கு முந்தின லாப்பில் மண்ணைக் கவ்வினார். ஆனால், இரண்டாம் பாதியில் ஆளே மாறிட்டார். 2023-ல் கடைசி ரேஸ் வரை போராடி, அங்கே அவசரப்பட்டு மோதி விழுந்து பட்டத்தை விட்டவர் அவர். இந்த முறை, ஜெயிக்க முடியாத நாளில் இரண்டாவது இடமே போதும் என்று ஓட்டினார். 10 ஞாயிறுகளில் இரண்டாவது இடம். கேட்க போரிங்காத்தான் இருக்கும், ஆனா அதுதான் கப்பை வாங்கிக் கொடுத்திருக்கு.

என்னைக் கேட்டால், 2024-ன் வேகமான ரைடர் பன்யாயாதான். சாம்பியன் ஆகத் தகுதியானவர் மார்ட்டின். இரண்டும் ஒன்றாக இருக்கணும்னு அவசியமில்லையே!

அதைவிட சுவாரஸ்யம், மார்ட்டின் இதை எந்த டீமில் இருந்து செய்தார் என்பது. அவர் இருந்தது டுகாட்டியின் சொந்த ஃபேக்டரி டீமில் அல்ல. அப்போது டுகாட்டியிடம் பைக் வாங்கி ஓட்டிய ப்ராமக் டீமில். பைக் என்னவோ பன்யாயாவிடம் இருந்த அதே லேட்டஸ்ட் மாடல்தான். ஆனாலும் 2002-ல் மோட்டோ ஜிபி காலம் தொடங்கியதிலிருந்து, இப்படி ஒரு தனியார் டீமின் ரைடர் சாம்பியன் ஆனது இதுவே முதல் முறை. 2025-க்கு ஃபேக்டரி டீமில் அந்தச் சிவப்பு பைக் தனக்குத்தான் என நம்பிக்கொண்டிருந்தார். ஜூனில் டுகாட்டி அதை மார்க் மார்க்கெஸுக்குக் கொடுத்தது. ஏற்கெனவே ஒரு தடவை என்னியா பாஸ்தியானினிக்காக இவரை ஒதுக்கியவர்கள். மார்ட்டின் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. உடனே ஏப்ரிலியாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதி சீசன் முழுக்க டுகாட்டி பைக்கிலேயே டுகாட்டியின் செல்லப்பிள்ளையைத் தோற்கடித்தார்.

மார்க்கெஸை எடுத்தது டுகாட்டியின் தப்பா? அப்போதே எட்டு உலகப் பட்டம் வென்றிருந்தவரை யார்தான் வேண்டாம் என்பார்கள்? 20 ரேஸில் 19-ஐ ஜெயித்த கம்பெனிக்கு எந்த ரைடர் போனாலும் நஷ்டமில்லை என்ற தெம்பு இருந்திருக்கலாம். அந்த மீதி ஒரு ரேஸை, ஆஸ்டினில், ஜெயித்தது ஏப்ரிலியா! மார்ட்டின் போனதும் அங்கேதான்.

கடைசி ரேஸ் வலென்சியாவில் நடந்திருக்க வேண்டும். 200-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தால் அது பார்சிலோனாவுக்கு மாறியது. மே மாதம் பன்யாயா விழுந்த அதே டிராக். இந்த முறை அவர் விழவில்லை. சனி, ஞாயிறு இரண்டையும் ஜெயித்தார். மார்ட்டின் இரண்டு நாளும் மூன்றாவது இடம். அது போதுமாக இருந்தது.

இரண்டே நாள் கழித்து, நவம்பர் 19, செவ்வாய். அடுத்த சீசனுக்கான டெஸ்ட், அதே டிராக்கில். மார்ட்டின் ஏப்ரிலியாவில் ஏறி உட்கார்ந்தார். அவர் கேட்ட டுகாட்டியில் மார்க்கெஸ் கிளம்பினார்.