கட்டணம் இல்லை, கஞ்சிக்கு வழி?

இந்நாட்டில் கல்வி இலவசம் என்கின்றனர். உண்மையே. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் மழலையர் வகுப்பு முதல் பல்கலைக் கழகம் வரை கட்டணம் ஒழிந்தது. அம்மரத்தின் கனியை உண்டு மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தோர் நம்மிடையே பலர். அவர்களை ஒன்று கேட்கிறோம்: கட்டணம் ஒழிந்ததனால் மட்டும் கதவு திறந்துவிட்டதா?

முல்லைத்தீவு விவசாயி ஒருவரின் மகள் பேராதனைக்குத் தெரிவாகிறாள் என்று கொள்வோம். விரிவுரைக்குப் பணம் வேண்டியதில்லை. உணவுக்கு? அறை வாடகைக்கு? நூலுக்கு? தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அடுத்த போகத்துக்கு வைத்த விதைநெல்லும் விலையாகிறது. இதுதானா இலவசம்?

வறிய மாணவரைத் தாங்கவென 1981இல் மகாபொல நிதியம் அமைந்தது. லொத்தர் வருவாயும் அதற்கு ஓர் ஊற்று. ஏழை அதிர்ஷ்டத்தை நம்பி வாங்கும் சீட்டிலிருந்தே ஏழைப் பிள்ளையின் படிப்புக்குப் பணம்! மாதம் 5,000 ரூபா என்றிருந்த உதவி, 2022இல் விலைவாசி ஓராண்டில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியபோதும் அசையவில்லை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டமே அதனை 7,500 ஆக்கியது. பசி மட்டும் அதுவரை காத்திருந்ததா?

பின்தங்கிய மாவட்டங்களுக்கென அனுமதியில் 5 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. நன்று. ஆனால் இடத்தைக் கொடுத்துவிட்டு, தங்கிப் படிக்க வழி கொடாமை, விருந்துக்கு அழைத்து இலை போடாத கதையன்றோ?

பணம் எங்கே என்பர் ஆட்சியாளர். தேசிய உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக என்று 2012இல் பல்கலைக் கழக ஆசிரியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அது இன்னமும் எட்டாக் கனியே. பணம் இல்லாமை அன்று, மனம் இல்லாமையே குறை.

ஆகவே வற்புறுத்துகிறோம்: உதவித்தொகை விலைவாசியோடு சேர்ந்து உயரவேண்டும், வகுப்புத் தொடங்குமுன் கையில் கிடைக்கவேண்டும், தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதி முதலில் வேண்டும்.

அரசிடம் கேட்பது நம் உரிமை. ஊர்ப் பாடசாலையில் இலவசமாய்ப் படித்து உயர்ந்தவர், அவ்வூர்ப் பிள்ளை ஒருவனையேனும் கைதூக்கிவிடுவது கடன். உரிமையை உரத்துக் கேட்போர் கடனை மறத்தல் தகாது.