பேட்டரி மாறும், நிறுத்தம் மாறுமா?

நான் வங்கிக் குமாஸ்தா. போத்தனூர்க்காரன். கொஞ்ச நாளைக்கு முன்னால் என் மேசைக்கு ஒரு கடன் கோப்பு வந்தது. தனியார் பள்ளிக்கூடம் ஒன்று மின்சாரப் பேருந்து வாங்கக் கடன் கேட்டிருந்தது. 'புகையில்லா எதிர்காலம், பசுமைப் பள்ளி' என்று வண்ண அச்சில் இணைப்பு. கூடவே வண்டி போகிற தடத்தின் பட்டியல். அதில் என் அம்மா பிறந்த ஊரும் இருந்தது. மாரியம்மன் கோயில், பால் சொசைட்டி, மேற்கு வீதி என்று மூன்று நிறுத்தங்கள். அதே தார்ச்சாலையில் அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற எங்க வளவு இல்லை.

நான் சின்னப் பையனாக இருக்கையில் டீசல் வேன் வந்தபோதும் இதே மூணு இடந்தான். "அங்க வண்டி திருப்ப எடமில்லீங்" என்பார் டிரைவர். செங்கச்சூளை லாரி வந்து ஆளேத்திக்கிட்டுப் போக மட்டும் எடமிருந்தது. இப்போது எஞ்சின் மாறிவிட்டது, எண்ணெய் போய் மின்சாரம் வந்துவிட்டது. சாதி வரைந்த தடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மின்வண்டி நம்ம சனத்துக்குப் புதுசு என்று எவரும் சொல்ல வேண்டாம். தெருத்தெருவாய்க் குப்பை வாங்கும் பேட்டரி வண்டியை நம் கையில்தானே முதலில் கொடுத்தார்கள்? குப்பை என்றால் ஓட்டத் தெரியும், பேருந்து என்றால் தெரியாதா?

சென்னையைப் பாருங்கள். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகளை முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பினார். மொத்தம் 625 வாங்கத் திட்டம், உலக வங்கி ஆதரவு. வியாசர்பாடி நம் உழைப்பாளிகள் அடர்ந்து வாழும் இடம். சந்தோசந்தான். ஆனால் இந்த வண்டிகளுக்குச் சொந்தக்காரர் யார்? தனியார் கம்பெனி. ஓட்டுநரை வேலைக்கு வைப்பதும் அந்தக் கம்பெனிதான். நடத்துநர் மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்து ஆள். ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கும்.

அரசுக் கழகம் ஆளெடுத்தால் ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. அந்தப் பதினெட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு 2009இல் சட்டமானது. 2024இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. இத்தனை போராடி வாங்கிய உரிமையைக் கம்பெனி வாசலில் காட்டினால் என்ன மதிப்பு? அங்கே இடஒதுக்கீடு கிடையாது. சட்டத்தைத் திருத்தவில்லை, எவரும் எதிர்த்துப் பேசவுமில்லை. வேலையை மட்டும் வேறு வாசலுக்கு நகர்த்தினார்கள். அதே 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். இரண்டும் ஒரே கதை. முன்னதற்குப் 'பசுமை' என்று பெயர், பின்னதற்குத் 'தூய்மை' என்று பெயர்.

ஜூன் 30 என்ன நாள் என்று விழா மேடையில் எவருக்காவது ஞாபகம் வந்ததா தோழர்களே? 1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் ஆதிக்கச் சாதி வெறியர்கள் வெட்டிக் கொன்ற நாள். மதுரைக்குப் போய் மாவட்ட நிர்வாகத்திடம் முறையிட்டுத் திரும்பியவர்கள் ஏறியிருந்த பேருந்தை மறித்துத்தான் வெட்டினார்கள். பேருந்து நமக்கு வெறும் வாகனமில்லை. அதில் ஏறுவதும் உட்காருவதும் உயிரோடு இறங்குவதும் நமக்குப் போராட்டமாகவே இருந்திருக்கிறது. 1955இல் அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து ஓராண்டுக்கும் மேல் நடந்தே போனது இதற்காகத்தான்.

பழங்கதை என்பீர்களா? 2025 மார்ச்சில், தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனைக் கீழே இழுத்துப் போட்டு விரல்களை வெட்டினார்கள். அந்தப் பேருந்து மின்சாரத்தில் ஓடியிருந்தால் விரல் தப்பியிருக்குமா?

மின்பேருந்து வேண்டாமென்று நான் சொல்லவில்லை. புகை முதலில் போவது ரோட்டோரத்துக் குடிசைக்குள்தான். கோவை நகரத்துக் குப்பையெல்லாம் வெள்ளலூரில் கொட்டி, அது தீப்பிடித்து, காற்று திரும்பினால் போத்தனூரில் சோறு இறங்காது. நல்ல காற்றின் அருமையை எங்களுக்கு எவரும் பாடமெடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிப் பேருந்துகளை மாற்ற 500 கோடி டாலர் ஒதுக்கியபோது, ஏழைகள், கிராமத்தார், பழங்குடியினர் படிக்கும் பள்ளிகளுக்கு முன்னுரிமை என்று எழுதி வைத்தார்கள். இங்கே அப்படி ஒரு வரி எழுத ஏன் கை வரவில்லை?

கோவைக்கும் மின்பேருந்து வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். வரட்டும். வருமுன்னே நாம் கேட்போம். ஓட்டுநரை அரசே நியமிக்கட்டும், இடஒதுக்கீட்டோடு. முதல் வண்டி சேரிக்கும் வளவுக்கும் வரட்டும், பள்ளிக்கூட நேரத்துக்கு. தனியார் பள்ளி வண்டிக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி நிறுத்தப் பட்டியலையும் வாங்கிப் பார்க்கட்டும். மாணவத் தோழர்கள் அவரவர் ஊரில் வண்டி எங்கே நிற்கிறது, எங்கே நிற்பதில்லை என்று எழுதி எடுங்கள். அந்தப் பட்டியல்தான் நம் துண்டறிக்கை.

அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் எனக்கில்லை. மேலே அனுப்பும்போது ஓரத்தில் பென்சிலால் ஒரு நிறுத்தத்தின் பெயரைச் சேர்த்து எழுதினேன். அழித்துவிடுவார்கள். தெரியும். அடுத்த தடவை பேனாவில் எழுதுவேன்.