சோர்ந்தவனிடம் பேசும் பாட்டு

ராக் சங்கீதம் என்றாலே காதைத் துளைக்கும் இரைச்சல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பல பாட்டுகளைப் பொறுத்தவரை அது நியாயமும்கூட. ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்.இ.எம். என்ற குழு 1992-இல் வெளியிட்ட ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ என்ற பாட்டைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மனச்சோர்வில் விழுந்து, இனி இருந்து என்ன பயன் என்று எண்ணுகிறவனிடம் பேசும் பாட்டு அது.

வேடிக்கை என்னவென்றால், அதைப் பெரும்பாலும் உருவாக்கியவர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரி. அவருடைய பாட்டுக்கே ஒரு சாதாரணத் தாள இயந்திரம்தான் தாளம் போடுகிறது! பாடியவர் மைக்கேல் ஸ்டைப். வார்த்தை புரியாமல் பாடுபவர் என்று ஆரம்ப நாட்களில் பெயர் வாங்கியவர். இந்தப் பாட்டில் மட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுகிறது. இளம் வயதினருக்காகவே இத்தனை எளிமையாக அமைத்ததாக கித்தார் கலைஞர் பீட்டர் பக் கூறியிருக்கிறார். கவிதை நயம் போதாது என்று குறை கண்டவர்களும் இருந்தனர். தண்ணீரில் தத்தளிப்பவனுக்குக் கயிறு வேண்டும். கயிற்றில் சித்திர வேலைப்பாடு எதற்கு?

மனம் சோர்ந்தவனிடம் வழக்கமாக என்ன சொல்லப்படுகிறது? “ஆண்பிள்ளை அழலாமா?”, “உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் பிழைக்கவில்லையா?” ஏற்கெனவே குன்றிப் போனவனை இவை மேலும் குன்ற வைக்கின்றன. சோர்வோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பாட்டோ உபதேசம் செய்வதில்லை. வேதனை எல்லோருக்கும் உண்டு, நீ தனி அல்ல, சற்றுப் பொறுத்திரு என்பதுதான் அதன் சாரம். வெட்கத்தைப் போக்குவதில் இதற்குள்ள வலிமை தைரிய வசனங்களுக்கு இல்லை.

பாட்டுக்காக எடுத்த படமும் அப்படியே. டெக்சாஸில் ஒரு நெடுஞ்சாலையில் கார்கள் நகர முடியாமல் நிற்கின்றன. உள்ளே இருப்பவர்கள் வாய் திறப்பதில்லை. அவர்கள் மனத்தில் ஓடுவது எழுத்தாகத் திரையில் வருகிறது. பக்கத்துக் காரில் இருப்பவனின் துயரம் யாருக்கும் தெரியாது. கடைசியில் எல்லோரும் இறங்கி நடக்கிறார்கள்.

தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்குத் தொலைபேசியில் செவிசாய்க்கும் பிரிட்டிஷ் அமைப்பு ‘சமாரிட்டன்ஸ்’. வாய்விட்டுச் சொல்லாத இளைஞர்களை எட்டுவதற்காக 1995-இல் அது செய்த விளம்பரத்துக்கு இந்தப் பாட்டின் வரிகளையே எடுத்துக்கொண்டது. வரிகளோடு தொலைபேசி எண்ணும் இருந்தது. சரியான காரியம். பாட்டு ஒரு இரவைக் கடத்தி விடலாம். மனச்சோர்வு நோய்க்கு வைத்தியம் வேறு.

இந்தியாவிலும் 2022 முதல் ‘டெலி மானஸ்’ என்ற அரசின் இலவசச் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். வெளி மாநிலத்தில் ஓர் அறையில் நாலைந்து பேரோடு தங்கி, ஊருக்குப் பேசும்போதெல்லாம் “நன்றாக இருக்கிறேன்” என்றே சொல்லிப் பழகிய தொழிலாளிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அந்த எண்ணை ஆலை வாசல்களிலும் விடுதிச் சுவர்களிலும் தமிழில் எழுதி ஒட்டலாம். செலவு ஒரு வாளிப் பசைதான்.